அரை டம்ளர் டீ

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கறையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் விரிப்புகளையும் மேஜைத் துணிகளையும் மேல்கோட்டுகளையும் இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். எது காப்பி, எது ரத்தம், எது துரு, எது உதட்டுச் சாயம் என்று கண்டுபிடித்து அதற்கேற்ற மருந்தைத் தொட்டு வைப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. மற்றவர்கள் மோந்து பார்த்துச் சொல்வதை அவள் விரலால் தடவியே சொல்லிவிடுவாள். "ரத்தத்துக்கு வெந்நீர் காட்டாதீங்கடி. காட்டினா ஆயுசுக்கும் போகாது" என்று புதிதாகச் சேருகிற பெண்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

வீட்டிலும் அவளுக்கு அதே வேலைதான். புருஷன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னலுக்கானாலும் சரி, கடை வாசலில் ஆளுயரத்துக்கு நிறுத்துவதானாலும் சரி, அளவுகோலை வைத்து வைரமுனையால் ஒரே இழுப்பு, அடியில் லேசாக ஒரு தட்டு. கோடு பிசகாமல் இரண்டாகக் கையில் வரும். அப்படிப்பட்ட கைக்குக் காலையில் எழுந்ததும் நடுக்கம். கால் பாட்டில் உள்ளே போனால்தான் நிற்கும். கை நிற்க வேண்டுமென்று குடித்தார். நின்றுவிட்ட சந்தோஷத்தில் குடித்தார். சாயங்காலமானால் காரணமே தேடாமல் குடித்தார். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெட்டுகிற மேஜையிலிருந்து எடுத்து, வெட்டிய கண்ணாடிக்குக் காகிதம் சுற்றுகிற மூலையில் அவரைப் போட்டார். அந்த அவமானத்துக்கும் சேர்த்துக் குடித்தார் மனுஷன்.

கறையக்கா எல்லாவற்றையும் துடைத்து வைத்தாள். வாந்தியைத் துடைத்தாள். சட்டையை அலசினாள். முதலாளிக்குப் போன் போட்டு "அவருக்கு வயித்தால போகுதுங்க" என்றாள். மாதத்துக்கு மூன்று தடவை ஒருத்தருக்கு வயிற்றால் போனால் அந்த முதலாளி என்ன நினைப்பார் என்று யோசிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். தெருவுக்கே தெரியும். பாவம் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அவள் துடைத்தவற்றில் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ஒரே மகள். இப்போது பத்தொன்பது வயதாகியும் வீட்டில் பாப்பாதான். பாப்பாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அப்பாவின் பாட்டிலைத் திறந்து கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டாள். அவர் பார்த்துவிட்டார். ஒரே அறை. பிள்ளை சுவரோடு போய் மோதி உட்கார்ந்தாள். இடது காதிலிருந்து ரத்தம். அவர் அப்படியே படுத்துத் தூங்கிப்போனார். மறுநாள் சாயங்காலம் எழுந்தவருக்கு ஒரு மண்ணும் நினைவில்லை.

"பாப்பா ஏன் படுத்திருக்கா?" என்று கேட்டார்.

"காய்ச்சல்" என்றாள் கறையக்கா.

தலையணையைக் குளிர்ந்த தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து அலசிக் காய வைத்திருந்தாள். தடயமே இல்லை. பிள்ளையின் காதில் சீழ் பிடித்த பிறகுதான், மூன்றாம் நாள், டாக்டரிடம் கூட்டிப் போனாள். அங்கேயும் காய்ச்சல் என்றே சொன்னாள். திரும்பி வரும்போது பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிடாதடா கண்ணு. தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு" என்றாள். பிள்ளை தாங்குமா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு அவள்மேல் உள்ள கோபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். பாப்பாவும் வாயைத் திறக்கவில்லை. இடது காது போனது போனதுதான். அந்தப் பக்கமாக நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "பாத்தியா, பெத்த அப்பன் கூப்பிடுறேன், காதுலயே வாங்க மாட்டேங்கிறா. திமிரு!" என்று அவர் கத்துவார். காய்ச்சலில் காது மந்தமாகிவிட்டது என்று அவருக்கும் தெரியும். குடித்தால் அதுவும் மறந்துபோகும்.

இப்படியே எட்டு வருஷம் ஓடியது.

சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற துணியின் பையையெல்லாம் துழாவிப் பார்த்து, இருப்பதை ஓர் உறையில் போட்டு, துணியின் எண்ணை எழுதித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாள் ஒரு மேல்கோட்டின் உள்பையிலிருந்து மடித்து மடித்து ஓரம் நைந்த அட்டை ஒன்று வந்தது. 'குடியை விட முடியவில்லையா? நாங்களும் அப்படித்தான் இருந்தோம்' என்று அச்சிட்டிருந்தது. கீழே நூலக மாடி, வியாழக்கிழமை மாலை ஆறு மணி என்று இருந்தது. அட்டையை உறையில் போட்டு எண்ணை எழுதினாள். பிறகு யாரும் பார்க்காதபோது மறுபடி எடுத்து, துணிக்கு அடையாளம் போடுகிற அழியாத மையால் தன் மணிக்கட்டில் முகவரியை எழுதிக்கொண்டாள். அந்த மை போக நாலு நாளாயிற்று. நாலு நாளும் முழுக்கைச் சட்டை.

அவள் போட்ட கணக்கு எளிமையானது. எப்படி நிறுத்தினார்கள் என்று நிறுத்தினவர்களிடமே கேட்டுக்கொள்வது, டாக்டர் சீட்டை வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கொடுத்துவிடுவது.

நூலகத்துக்குப் பின்பக்கத்துப் படி. மேலே ஒரு அறை, வட்டமாகப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், பத்து நிமிஷம் பின்தங்கி ஓடும் சுவர்க் கடிகாரம். வாசலில் நின்ற பெரியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். குடியை விட்டுப் பதிமூன்று வருஷம் ஆனவர். அந்தக் கூட்டத்தை அவர்தான் நடத்தினார். "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். எதற்கு வந்தாய், யார் நீ என்று ஒரு கேள்வி இல்லை. பெரிய பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அவள் கையில் கொடுத்தார். டம்ளரில் பாதிதான் இருந்தது. சரியான கஞ்சப்பிசினாறி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும், அவள் உட்கார்ந்திருக்க இன்னொருவர் டீ ஊற்றிக் கையில் கொடுத்துப் பல வருஷமாயிற்று. அந்தப் பாதி டீயைக் குடிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

கூட்டம் தொடங்கியதும் தபால்காரர் விதிகளைப் படித்தார். "வியாழக்கிழமை கூட்டம் குடிப்பழக்கம் உள்ளவங்களுக்கு மட்டும். வீட்டு ஆளுங்களுக்குச் செவ்வாய்க்கிழமை தனிக் கூட்டம். இங்க கேட்டது எதுவும் படி இறங்கக் கூடாது."

கறையக்கா டம்ளரை நாற்காலிக்கடியில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை ஓட்டல் விருந்துத் துணியெல்லாம் வந்து குவிகிற நாள். எட்டு மணி வரை அவளால் அசைய முடியாது. எழுந்து போய்விடலாமா? எல்லோரும் பார்ப்பார்களே. ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டு வந்தார்கள். லாரி டிரைவர் ஒருவர் பேசினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சரம்மா பேசினாள். அவள் முறை வந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஒரு இளக்காரம் இல்லை.

"நானும் குடிக்கிறவதான்" என்றாள் கறையக்கா.

என்னத்தைச் சொல்ல! ஒரு துளி தொட்டதில்லை. வாடையடித்தாலே குமட்டும். ஆனால் சொல்லிவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சரம்மா எழுந்து வந்து தோளைத் தொட்டு, "வந்துட்டீங்கல்ல, போதும்" என்றாள்.

அடுத்த வாரம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அடுத்த வாரமும் பாதி டம்ளர் டீ வந்தது. மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் டீச்சரம்மாவிடம் கேட்டாள், "எல்லாருக்கும் முழுசு ஊத்துறாரு, எனக்கு மட்டும் ஏங்க பாதி?"

"புதுசா வர்றவங்களுக்குக் கை நடுங்கும்மா. முழுசா ஊத்தினா மேல கொட்டிக்குவாங்க. பத்துப் பேர் முன்னாடி கொட்டிக்கிட்டா அடுத்த வாரம் வருவாங்களா? அதான் பாதி. கை நின்னதும் முழுசாக் கொடுப்பாரு."

அடுத்த இரண்டு வாரமும் கறையக்கா மெனக்கெட்டுக் கையை நடுக்கினாள். அதிலும் ஒரு கூத்து: டம்ளரை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையை நடுக்கினாள். தபால்காரர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அதற்கடுத்த வாரம் முழு டம்ளர் வந்தது.

பிறகு அது ஒரு வருஷம் நடந்தது. அவள் அங்கே பேசியது அத்தனையும் நிஜம், ஆளைத் தவிர. "ஃபிளஷ் டேங்குக்குள்ள பாட்டிலை ஒளிச்சு வெச்சிருந்தேன்" என்றாள். "பொண்ணோட பள்ளிக்கூட விழாவுக்கு வர்றேன்னு சொல்லிட்டு வழியிலயே விழுந்து கெடந்தேன்" என்றாள். எல்லோரும் "எனக்கும், எனக்கும்" என்று தலையாட்டினார்கள். ஆனால் தபால்காரர் விட மாட்டார். "அந்த நேரத்துல மனசுல என்னம்மா ஓடிச்சு?" என்று கேட்பார். அவளுக்கு எப்படித் தெரியும்? புருஷன் மனதுக்குள் எட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பல வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை அவள். துடைக்கவே நேரம் சரியாக இருந்தது. ஒரு காலையில் வீட்டில் அவரிடம் கேட்டாள், "என்னங்க, கை நடுங்கும்போது பயமா இருக்குமா?" "இருக்கும்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர்மேல் அவளுக்கு வந்த இரக்கம், கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு டீச்சரம்மா போன் செய்வாள். "இன்னிக்கு ஒரு நாள் குடிக்க மாட்டோம், சரியா?" "சரிங்க" என்று ரகசியக் குரலில் சொல்வாள் கறையக்கா. அதே நேரத்தில் குளியலறையில் டேங்க் மூடியை அவர் திறக்கிற சத்தம் கேட்கும். குடிக்காமல் இருந்ததற்கு அடையாளமாக ஒரு மாதத்துக்கு ஒரு வில்லை, மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று என்று கைதட்டலோடு கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சோப்புத்தூள் டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள். டிரைவர் எட்டு மாதம் இருந்துவிட்டு ஒரு நாள் மறுபடி குடித்துவிட்டார். மறு வியாழக்கிழமை வந்து, "அக்கா, உங்களால முடியுது, என்னால முடியலையே" என்று அவள் முன்னால் அழுதார். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது அவளுக்கு. உண்மையைச் சொல்லிவிடுவதென்று அன்று சத்தியமே செய்துகொண்டாள். ஆனால் உண்மையைச் சொன்னால் நாற்காலி போய்விடும். அங்கே ஒரு மணி நேரம் அவள் எதையும் துடைக்க வேண்டியதில்லை. விட மனசு வரவில்லை. அது தவிர இன்னொரு ஆசையும் இருந்தது: எப்பாடுபட்டாவது அவரை இந்தப் படி ஏற்றி, இந்த நாற்காலியில் ஒன்றில் உட்கார வைத்துவிட வேண்டும். இரண்டு தடவை பேச்சை எடுத்துப் பார்த்தாள். "எவன் சொன்னான் நான் குடிகாரன்னு?" என்று தட்டு பறந்ததுதான் மிச்சம்.

ஒரு வருஷம் நிறைகிற வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கு மட்டும் வீட்டு ஆட்களும் வரலாம் என்பது வழக்கம். "வருஷ வில்லையை வீட்டு ஆள் கையாலதான் வாங்கணும். உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் தபால்காரர். "அவருக்கு வேலைங்க" என்று மழுப்பினாள்.

ஆனால் அவர் வந்தார். யாரும் கூப்பிடாமல் வந்தார். வியாழக்கிழமையானால் பெண்டாட்டி தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு கிளம்புகிறாள். விடிந்தால் ரகசியமாக ஒரு போன் வருகிறது. குடித்த மூளைக்கு இது போதாதா? இன்னொருத்தன் இருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அதற்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்று அன்று காலையிலிருந்து ஒரு சொட்டு குடிக்கவில்லை. பல வருஷத்தில் அவர் தெளிவாக இருந்த ஒரே வியாழக்கிழமை, பெண்டாட்டியைச் சந்தேகப்படுவதற்காக.

அவளுக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து, முஷ்டியை மடக்கிக்கொண்டு படியேறி வந்தவர் பார்த்தது வழுக்கைத் தலைகளையும் பிளாஸ்கையும். எவனை அடிப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். கறையக்கா அவரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

"அக்காவோட வீட்டுக்காரரா சார்? வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தோம்" என்று டிரைவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இப்படி ஒரு நாள் வரும்னு நெனச்சிருக்க மாட்டீங்க. வீட்டுல குடிக்கிறவங்களை வெச்சுக்கிட்டு நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க!"

கண்ணாடிக்காரர் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தபால்காரர் டீ எடுத்துக்கொண்டு வந்தார். அவர் பார்வை அந்தக் கைகளின்மேல் ஒரு கணம் நின்றது. மற்றவர்களுக்கெல்லாம் முழு டம்ளர். கண்ணாடிக்காரருக்குக் கொடுத்ததில் பாதிதான் இருந்தது.

கறையக்கா அதைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது மனுஷனுக்கு. எப்போதிருந்தோ.

"அம்மா, நீங்க பேசுங்க" என்றார் தபால்காரர். வேறொன்றும் சொல்லவில்லை.

எழுந்து நின்றாள். குடிக்கிறவர் இவர்தான் என்று கையை நீட்டிச் சொல்லலாம். சொன்னால் எழுந்து போய்விடுவார், அப்புறம் ஆயுசுக்கும் இந்தப் படி ஏற மாட்டார். சின்னதாக எதையாவது சொல்லி மழுப்பலாம். மழுப்பினால் வீட்டுக்குப் போய்ச் சிரிப்பார். ஒரு வருஷம் பொய் சொல்லிக் காத்திருந்தது அவர் இந்த நாற்காலியில் உட்காருவதற்காகத்தான். உட்கார்ந்திருக்கிறார், தெளிவாக. இப்படி இன்னொரு நாள் கிடைக்காது. இதுவரை அந்த அறையில்கூட வாய் திறக்காத ஒன்றை எடுத்தாள்.

"நான் குடிகாரி. எனக்கு ஒரு பொண்ணு. அவளுக்குப் பத்து வயசு இருக்கும்போது, ஒரு ஞாயித்துக்கிழமை, நான் வாங்கி வெச்சிருந்த பாட்டிலைத் தொட்டியில கொட்டிட்டா. வீட்டுல ஒருத்தங்க அழுதாங்கன்னு கொட்டிட்டா. நான் அடிச்சேன். ஒரே அடி, இடது காதுல. தலையணையெல்லாம் ரத்தம். மறுநாள் எந்திரிச்சா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல்னு வீட்டுல சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். அன்னியிலேருந்து அந்தக் காது கேக்காது. கூப்பிட்டா திரும்ப மாட்டா. திமிருன்னு திட்டுவேன். ஒன்பது வருஷமாத் திட்டுறேன். ஒரு நாள்கூட அவ எங்கிட்ட, நீதான் அடிச்சேன்னு சொன்னதில்ல."

நினைவே இல்லாத ஒன்றை இவ்வளவு விவரமாக எப்படிச் சொல்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கறையக்கா புருஷன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

தபால்காரர் வருஷ வில்லையை எடுத்துக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினார். "நீங்க கொடுங்க சார்." அவர் எழுந்தார். டீயைத் தொட்டிருக்கவில்லை. வில்லையை வாங்கி அவளுக்கு நீட்டியபோது கை உதறியது. வில்லை நழுவி நாற்காலிக்கடியில் உருண்டோடியது. டிரைவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். "சாருக்கு உணர்ச்சி தாங்கல" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். "பெரிய மனசு சார் உங்களுக்கு. பெத்த பிள்ளையை அப்படிப் பண்ணினவங்களையும் மன்னிச்சு வந்து நிக்கிறீங்களே" என்று டீச்சரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். நாலாவது நிறுத்தம் தாண்டியது.

"காய்ச்சல்னு சொன்னியே" என்றார்.

"ஆமா."

"ஒன்பது வருஷமா."

"ஆமாங்க."

"ஏன்டி சொல்லல?"

"தெரிஞ்சா நீங்க செத்துருவீங்கன்னு நெனச்சேன்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார்கள்.

வீட்டில் பாப்பா ஜன்னலோரத்து மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னல் கண்ணாடி அப்பா வெட்டிப் பொருத்தியது, கை நன்றாக இருந்த காலத்தில். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் அவளுடைய இடது பக்கத்தில் நின்றார். குனிந்தார். ஏதோ சொன்னார். அடுப்பங்கரை வாசலில் நின்ற கறையக்காவுக்கே கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக.

பாப்பா கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள். "என்னப்பா? ஏதாவது சொன்னீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. படி" என்றார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை அவர் போனார். தனியாக உள்ளே போய், "போன வாரம் அவ சொன்னதெல்லாம் என்னுது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். கறையக்கா வில்லைகளையெல்லாம் சோப்புத்தூள் தட்டி எடுத்துக்கொண்டு போய்த் தபால்காரரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "ஒரு வருஷம் குடிக்காமத்தானம்மா இருந்தீங்க? வெச்சுக்குங்க" என்றார். டீச்சரம்மாதான் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும் காலை ஆறு மணிக்கு அந்தப் போன் வரவில்லை. விதி விதிதான். வியாழக்கிழமை அறையில் அவளுக்கு இனி இடமில்லை. அவர் உள்ளே இருக்கிற ஒரு மணி நேரமும் கீழே படியில் உட்கார்ந்திருப்பாள். தபால்காரர் முழு டம்ளர் டீ ஒன்றைக் கீழே அனுப்பி வைப்பார். குடிப்பாள். ஆனால் படியில் உட்கார்ந்து குடிக்கிற டீ நாற்காலியில் உட்கார்ந்து குடித்த டீ ஆகுமா?

கண்ணாடிக்காரர் இரண்டு தடவை சறுக்கினார். அதற்குப் பிறகு பதினோரு மாதம் தொடவில்லை. அவருக்கும் முழு டம்ளர் வந்தது. முதலாளி மறுபடி வெட்டுகிற மேஜையில் நிற்க வைத்துப் பார்த்தார். கை நின்றுவிட்டது. ஆனால் அவர் நிறுத்தியது கல்லீரலுக்குத் தெரியவில்லை. கண் மஞ்சளாயிற்று, வயிறு வீங்கியது. மருத்துவமனையில் பத்தொன்பது நாள் கிடந்தார். போய்ச் சேர்ந்தபோது ஒரு வருஷ வில்லைக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. வெளுத்த விரிப்பு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். ஓரத்தில் சலவைக்கூடத்து எண். எந்த வாரத்திலோ கறையக்கா கை பட்டு வெளுத்ததுதான்.

எல்லாம் முடிந்து வந்தவர்களெல்லாம் போன பிறகு ஒரு சாயங்காலம், பாப்பா அந்த மேஜையில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். புத்தகம் எதுவும் திறக்கவில்லை. கறையக்கா போய் அவளுக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தினமும் சாயங்காலம் வந்து நிப்பாரும்மா" என்றாள் பாப்பா. "இந்த இடது பக்கம். குனிஞ்சு ஏதோ சொல்லுவாரு. நான் என்னப்பான்னு கேட்டா ஒண்ணுமில்லம்மான்னு போயிருவாரு. ஒரு வருஷத்துக்கு மேல, தினமும்."

"அந்தக் காது கேக்காதுன்னு தெரிஞ்சுதான் வந்து நின்னிருக்காரு" என்றாள் கறையக்கா. "என்ன சொன்னாரோ."

பாப்பா எதிரே ஜன்னலைக் காட்டினாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கண்ணாடியில் அம்மா முகமும் மகள் முகமும் பளிச்சென்று தெரிந்தன.

"உதடு தெரியும்மா. 'அப்பாவை மன்னிச்சிடும்மா'ன்னு சொல்லுவாரு. முத நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

கறையக்கா அவள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சா ஏன்டி தெரியாத மாதிரி கேட்ட?"

"இந்தப் பக்கம் வந்து சொல்லுவாருன்னு நெனச்சேன்" என்று வலது காதைத் தொட்டாள் பாப்பா. "ஒரு தடவை காதால கேக்கணும்னு இருந்துச்சும்மா. சொல்லுவாரு சொல்லுவாருன்னு காத்துக்கிட்டே இருந்துட்டேன்."